தோட்டாவுக்குச் சந்தனம்

ஆகஸ்ட் 16, சனி

மாமனார் வருகிறார். செப்டம்பர் முதல் வாரம் வந்து பொங்கல் வரை இருப்பாராம். மனைவி மங்கை இதைச் சொல்ல வந்தபோது நான் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிறுத்தாமலே "ரொம்ப சந்தோஷம்" என்றேன். "கேக்கல" என்றாள். நிறுத்திவிட்டு இரண்டாவது முறை சொல்வதற்குள் சந்தோஷம் கொஞ்சம் குறைந்திருந்தது.

மாமனார் பிறவிப்பெருமாள் திருநெல்வேலி ஆயுதப்படையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கதை இருக்கிறது. "மாப்ளைக்கு அன்னைக்குக் கை தந்தி அடிச்சுதுவே. நான் போய்ப் பிடிக்கலேன்னா தாலி மேளக்காரன் கழுத்துல ஏறியிருக்கும்." எங்கள் திருமணத்திலிருந்து இன்றுவரை கிரகப்பிரவேசம், காதுகுத்து, பதவி உயர்வு விருந்து எல்லாவற்றிலும் இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு துக்க வீட்டிலும் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

உண்மையில் அது ஓமப் புகை. கண் எரிந்தால் கை நடுங்கும். இது உடற்கூறு.

இந்த ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் நான் உறுப்பினன். டெக்சாஸில் இது நூலக உறுப்பினர் ஆவதைவிடச் சுலபம். அக்டோபர் 4 அன்று கிளப்பில் போட்டி. வரிசையாக நிற்கும் இரும்புத் தட்டுகளைக் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்த வேண்டும். அதில், தம் தோட்டாவைத் தாமே வார்த்துச் செய்தவர்களுக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. கை நடுங்குகிறவன் தோட்டா செய்ய முடியாது. செய்தாலும் தட்டு விழாது. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அந்தக் கதையை அவரிடமிருந்து பறிமுதல் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஈயம் உருக்கினேன்.

டயர் கடையில் சக்கரத்துக்குச் சமன் பார்க்க ஒட்டும் ஈயத் துண்டுகளை ஒரு வாளி நிறையக் கொடுத்தார்கள். கிளப் தலைவர் ஹாங்க் வந்து மேற்பார்வை பார்த்தார். ஓய்வு பெற்ற குழாய் பழுதுபார்ப்பவர். என் முழுப்பெயர் சபாநாயகம் என்பதை ஒருமுறை கேட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னை சாம் என்று அழைக்கிறார். கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில்தான் உருக்க வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பக்கத்தில் வரக் கூடாது என்றார். வந்தால் ஈயம் எழுந்து முகத்துக்கு வருமாம். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளின் வாய்ப்பைக் கணக்கிடுவது என் தொழில். இந்தப் பொழுதுபோக்குக்கு நானே காப்பீடு தரமாட்டேன்.

முதலில் வார்த்த தோட்டாக்கள் சுண்டைக்காய் வற்றல் போல வந்தன. அச்சு சூடாகவில்லை என்றார் ஹாங்க். எல்லாவற்றையும் திரும்பச் சட்டியில் போட்டேன். ஈயத்தில் இது ஒரு வசதி. தவறுகளை உருக்கி மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். என் அலுவலகத்தில் அதற்கு மூன்று கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மிச்ச ஈயத்தைச் சிறு கட்டிகளாக ஊற்றி வைக்க வேண்டும். ஹாங்க் அதற்குக் கேக் சுடும் தட்டை வைத்திருக்கிறார். நம் வீட்டில் கேக் தட்டு ஏது. குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினேன். குழி குழியாக, உருண்டையாக, மிக அழகாக வந்தது. திருப்பிப் போட மட்டும் தேவையில்லை.

மங்கை பார்த்தாள். அவள் மருந்தாளுநர். ஈயம் உடம்பில் போனால் என்னவெல்லாம் ஆகும் என்று தலையிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னாள். இடுப்பு வருவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

"இனி இந்தச் சட்டி வீட்டுக்குள்ள வரப்படாது. நீங்களும் கை கழுவாம வரப்படாது."

சட்டியின் கைப்பிடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு மண்டை ஓடு வரைந்து கொடுத்தாள். மண்டை ஓட்டின் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது. பழக்கதோஷம் என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

தொழிலாளர் தினம். விடுமுறை என்பதால் உழைத்தேன்.

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கிளப்பிலிருந்து பொறுக்கி வந்திருந்தேன். அவற்றைத் துலக்கி, அடியில் பற்றவைக்கும் சிறு பிரைமரை அழுத்தி, வெடிமருந்து ஊற்றி, மேலே ஈயத்தைச் செருகினால் தோட்டா. துலக்குவதற்கு ஹாங்கிடம் மணிக்கணக்கில் உதறும் ஒரு இயந்திரம் இருக்கிறது. "பித்தளைக்கு எதுக்கு மெஷினு?" என்று மங்கை புளியைக் கரைத்து ஒரு வாளியில் போட்டாள். கூடுகள் கார்த்திகை விளக்கு போலப் பளபளத்தன.

ஹாங்க் ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்து, என்ன ரசாயனம் என்று கேட்டார். புளி என்றேன். எழுதிக்கொண்டு இந்தியக் கடைக்குப் போனார். புளியோடு இரண்டு பொட்டலம் காரா மிக்சரும் வாங்கி வந்திருக்கிறார். மிக்சர் எதைத் துலக்க என்று மாலையில் போன் செய்து கேட்டார்.

செப்டம்பர் 6, சனி

மாமனார் வந்து இறங்கினார். ஹூஸ்டன் விமான நிலையத்திலிருந்து வீடுவரை மூன்று மணி நேரக் கார் பயணம்.

"ஏர்போர்ட்டுல ஒரு பய எங்கிட்ட ஊறுகா இருக்கான்னு கேட்டாம் மாப்ளை. இருக்குன்னேன். பொறவு நான் அவன்ட்ட கேட்டேன், டூரிஸ்ட் விசாவுல வந்தவன் துப்பாக்கியத் தொடலாமான்னு. தொடப்படாதாம். பாத்துக்கிடுங்க, என்னைய யாரும் சுடச் சொல்லப்படாது."

விமான நிலையத்தில் துப்பாக்கி என்ற சொல்லைத் தானாக முன்வந்து சொல்லிவிட்டு வெளியே வந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். சட்டத்தின் மேல் அவ்வளவு மரியாதை.

வழியில் காபி வாங்கினோம். மூடி கேட்டார். பிறகு ஸ்ட்ரா கேட்டார். சூடான காபியை ஸ்ட்ரா போட்டுக் குடித்த முதல் திருநெல்வேலிக்காரரை இன்று பார்த்தேன். அமெரிக்கா மனிதர்களை எவ்வளவு சீக்கிரம் மாற்றிவிடுகிறது.

பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்த பெண்ணிடம் கதையைச் சொன்னார். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. செய்கையிலேயே சொன்னார். மஞ்சள் கயிற்றைப் பிடிக்கும் கை, அந்தக் கையின் நடுக்கம். நடுக்கத்தை மிகத் தத்ரூபமாகச் செய்து காட்டினார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மிச்சக் காசைக் கொடுத்தாள்.

புகை மட்டும் காரணமில்லை. மணமேடைக்குப் பின்னால் ஏர்கூலர் வைத்திருந்தார்கள். முதுகில் குளிர்காற்று.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் மாமனார் என் கராஜைப் பார்வையிட்டார். இன்ஸ்பெக்டர் நடை. மேசை மேல் நான் அடுக்கியிருந்த ஈயக் கட்டிகளில் ஒன்றை எடுத்தார். ஒரு நொடி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி மங்கை! பணியாரம் கொஞ்சம் கனமா வந்துட்டு பாத்துக்க!"

உள்ளேயிருந்து மங்கை ஓடிவந்த வேகத்தைப் பார்த்தால் அவர் ஒன்றை ஏற்கெனவே தின்றுவிட்டார் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அவள் போட்ட சத்தத்தில் கட்டி அவர் கையிலிருந்து நழுவி என் கால் பெருவிரல் மேல் விழுந்தது.

"கை வழுக்கிட்டு மாப்ளை" என்றார்.

"பரவால்ல மாமா" என்றேன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சொன்னதால் அதில் போதிய மரியாதை இருந்ததா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 13, சனி

பயிற்சிக்கு மாமனாரையும் அழைத்துப் போனேன். அவர் காவல்துறை என்று தெரிந்ததும் ஹாங்க் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "சீஃப்" என்றார். அந்த இடத்திலேயே மாமனாருக்கு அமெரிக்கா பிடித்துவிட்டது.

"சீஃப் ஒரு ரவுண்டு சுட்டுக் காட்டட்டுமே" என்றார் ஹாங்க்.

மாமனார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "விசா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேறு விளக்கம் தரவில்லை. கொள்கையில் உறுதியான மனிதர்.

நான் சுட்டேன். நன்றாகவே போயிற்று. தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். தோட்டா ஒரு மயிரிழை தடித்தாலும் ஏற்றிக்கொள்ள மறுத்து வாயைத் திறந்தபடி நிற்கும். நல்ல குடும்பத்து உறுப்பினர் போல. அதனால்தான் ஒவ்வொரு தோட்டாவையும் கழற்றி வைத்த குழலுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். டொக் என்று உட்கார்ந்தால் நல்ல தோட்டா. என்னுடையவை எல்லாம் டொக்.

ஒரே ஒரு குறை. ஈயம் குழலில் ஒட்டாமல் இருக்க அதற்கு மெழுகும் எண்ணெயும் தடவ வேண்டும். வீட்டில் மெழுகுவர்த்தியும் விளக்கெண்ணெயும்தான் இருந்தன. நான்கைந்து தோட்டா சுட்டதும் அந்த இடம் முழுக்கக் கர்ப்பகிரக வாசனை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெருவிரல் நகம் விழுந்தது.

செப்டம்பர் 20, சனி

தமிழ்ச் சங்க விருந்து. மாமனாரை மேடைக்கு அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எந்த இரண்டு வார்த்தை என்று எனக்குத் தெரியும். கை. தந்தி.

அரங்கமே சிரித்தது. பொருளாளர் என் முதுகில் தட்டி, "சார், இப்ப பரவால்லியா?" என்று கேட்டார். சங்கத்துக்கு நன்கொடையாகத் தருவதாகச் சொல்லியிருந்த ஒலிபெருக்கியைப் பற்றி மறுபரிசீலனை செய்து வருகிறேன்.

ஓமப் புகை, ஏர்கூலர் இரண்டும் போக, அன்று எனக்குப் புதுக் கைக்கடிகாரம். மாமனார் வாங்கிப் போட்டதுதான். கனமான கடிகாரம்.

மாமனார் ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாம்பாரைக்கூடச் சாதத்தில் கெட்டியாகப் பிசைந்து தரச் சொல்லி மங்கையிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சங்கத்து ரசம் அப்படி. அவரைக் குறை சொல்ல முடியாது. மங்கை ஏன் அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை என்று தெரியவில்லை. அவளும் ரசம் குடித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

போட்டிக்கான தோட்டாக்கள் தயார். காலை முழுவதும் கராஜில் இருந்தேன். தராசில் ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தை நிறுத்து ஊற்றினேன். மாமனார் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணுல ரெண்டு தரம் மருந்து விழுந்துட்டா என்ன ஆவும் மாப்ளை?"

"துப்பாக்கி வெடிச்சுடும் மாமா."

"விழாமலே போயிட்டா?"

"தோட்டா குழலுக்குள்ளயே நின்னுடும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா, அப்பவும் வெடிச்சுடும்."

"அப்ப எப்படிப் பாத்தாலும் வெடிக்கும். கல்யாணம் மாதிரில்லா இருக்கு."

"நீங்க பேசாம இருந்தா வெடிக்காது மாமா."

"அதுவும் கல்யாணம் மாதிரிதான்."

அதன்பின் மாமனார், நான் சிட்டிகை மருந்தைக் கரண்டியில் எடுத்து, தட்டித் தட்டித் தராசு முள்ளை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதை, பிறகு அதைக் கூட்டின் சின்ன வாய்க்குள் சிந்தாமல் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தார். பார்க்கட்டும் என்று நானும் கொஞ்சம் மெதுவாகவே செய்தேன்.

"கை நல்லா நிக்கி" என்றார் கடைசியில்.

கேட்பதற்குப் பாராட்டு போல இல்லை. ஒரு கடையைப் பார்த்து 'நல்லா ஓடுது' என்று சொல்வது போல இருந்தது.

எல்லாத் தோட்டாவையும் குழலில் போட்டுப் பார்த்தேன். டொக், டொக், டொக். பெட்டிகளில் அடுக்கி மூடினேன். இனிப் போட்டி அன்றுதான் திறப்பேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டெக்சாஸ் அரசு விடுமுறை அளிக்கவில்லை. நானும் மங்கையும் வேலைக்குப் போய்விட்டோம். போகுமுன் மாமனாரிடம், கராஜில் ஒப்புக்கு ஒரு பொட்டு வைத்துவிடுங்கள் என்றேன்.

"ஒப்புக்கா? ஆயுதப்படையில பூஜைன்னா மொத்தப் பொறுப்பும் என் தலையிலதான் மாப்ளை. நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மாலை வந்து பார்த்தால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். புல்வெட்டும் இயந்திரம், மங்கையின் மிக்சி, துணி துவைக்கும் இயந்திரம், வாசலில் தபால் பெட்டி, ஏசியின் வெப்பநிலைப் பொத்தான், என் மடிக்கணினி, துப்பாக்கியைப் பூட்டி வைத்திருக்கும் இரும்புப் பெட்டியின் கதவு, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். இணையம் வரவில்லை. அதை வரவழைக்கும் பெட்டியின் காற்றுத் துளைகளில் சந்தனம் காய்ந்திருந்தது.

பக்தி இருக்கும் அளவுக்கு நேர்த்தி இல்லை. பொட்டு வைக்கச் சொன்னால் வால்நட்சத்திரம் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் வட்டமாகத் தொடங்கி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மங்கை தபால் பெட்டி முன் நின்று அந்த வாலை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டாப் பெட்டிகளின் மூடிகளிலும் வால்நட்சத்திரம். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்று மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் தொடவில்லை. அவர் மிகவும் களைத்திருந்தார். காலையில் ஆரம்பித்து இப்போதுதான் முடித்தாராம். ஒரு வீட்டுக்குப் பொட்டு வைக்க ஒரு பகல் முழுவதும் எப்படி ஆகும் என்று கேட்க நினைத்து, சுண்டல் நன்றாக இருந்ததால் மறந்துவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

மடிக்கணினியின் கேமரா மேல் சந்தனம் இருந்தது தெரியாமல் காலைக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். அரைமணி நேரம் மஞ்சள் மேகமாகப் பேசியிருக்கிறேன். மேலதிகாரி, "உடம்பு சரியில்லையா? காமாலையா?" என்று அக்கறையாகக் கேட்டார். பழக்கதோஷத்தில் அதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

போட்டி முடிந்தது. நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மைதானத்தில் மங்கை மாமனாருக்கு நாற்காலி போட்டு, காதுக் கவசம் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். நான் மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் சந்தனம் வைத்திருந்தார். ஒன்று விடாமல். சந்தனத்தின் நடுவில் குங்குமம். மூக்கில் வைக்க நினைத்த சந்தனம் பல தோட்டாக்களில் பக்கவாட்டில் இழுத்து, ஈயத் தலையிலிருந்து பித்தளை இடுப்பு வரை வழிந்து, சிமெண்டு போலக் காய்ந்திருந்தது. அடுத்த பெட்டியைத் திறந்தேன். அதற்கடுத்ததையும் திறந்தேன்.

திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணொண்ணா எடுத்து வச்சேன் மாப்ளை!" என்று அங்கிருந்தே கத்தினார். காதுக் கவசம் போட்டிருப்பதால் கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. "அதுக்குத்தான் நேரமாயிட்டு!"

அவர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். குளிராகத்தான் இருக்க வேண்டும். வெயில் தொண்ணூற்றைந்து டிகிரி.

ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் தீர்ந்தது. துணியைக் கையில் எடுத்தும் விட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். துணியால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பையில் வைத்தேன்.

ஹாங்க் வந்து மேசையைப் பார்த்தார். "சாம், இது என்ன?"

"மதம்" என்றேன்.

டெக்சாஸில் துப்பாக்கியைப் பற்றியும் கேள்வி கேட்கமாட்டார்கள், மதத்தைப் பற்றியும் கேட்கமாட்டார்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். ஹாங்க் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னிடம் கடையில் வாங்கிய தோட்டா ஒரு பெட்டி இருக்கிறது. கடவுளுக்குத் தெரிய வேண்டியதில்லை" என்றார்.

"அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். ஹாங்க் வானத்தைப் பார்த்தார். நான் நாற்காலியைச் சொன்னேன்.

மணி அடித்தது. முதல் தோட்டா குழலுக்குள் பாதி போய் நின்றது. துப்பாக்கி வாயைத் திறந்தபடி இருந்தது. முனையைத் தட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் பின்னால் ஒரு தட்டுத் தட்டினேன். மூடிக்கொண்டது. சுட்டேன். தட்டு விழுந்தது. அடுத்தது ஏறவில்லை. தட்டினேன். சுட்டேன். விழுந்தது. தானியங்கித் துப்பாக்கியை முழுக்க முழுக்கக் கையால் இயக்கியவன் கிளப் வரலாற்றில் நான் ஒருவன்தான் என்று பிறகு சொன்னார்கள். ஒன்று முழுதாகச் சிக்கிக்கொண்டது. தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, இழுத்து வெளியே தள்ளி, மறுபடி மாட்டி, மறுபடி தட்டினேன். மற்றவர்கள் இதையெல்லாம் ஒரு தும்மல் நேரத்தில் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். என் முறையில் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிட்டு, மூடினார். வெந்த சந்தனமும் விளக்கெண்ணெய்ப் புகையும் சேர்ந்து மைதானம் முழுவதும் அர்த்தஜாமப் பூஜை வாசனை. ஹாங்க் கடைசிவரை தொப்பி போடவில்லை.

எல்லாத் தட்டுகளும் விழுந்தன. எல்லாம். கடைசி இடம் எனக்கு. எனக்கு முந்தையவருக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு போட்டி நடத்தியிருக்கலாம்.

திரும்பும்போது மங்கை கார் ஓட்டினாள். மாமனார் முன்னால், நான் பின்னால்.

"தோட்டா ஏன் மாப்ளை சிக்குச்சு?"

"அச்சு சரியில்ல மாமா. ஈயம் கொஞ்சம் தடிச்சுப் போச்சு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, டெக்சாஸ்தான் இருந்தது.

"ஈயந்தான்" என்றார். பிறகு, "இம்புட்டுச் சிக்கியும் கை ஆடலியே. கல்யாணத்துல மட்டும் ஏன் ஆடுச்சு?"

என்னிடம் புகை இருந்தது, ஏர்கூலர் இருந்தது, கனமான கடிகாரம் இருந்தது.

"பயமா இருந்துது மாமா."

"எனக்குந்தான்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "நான் உங்க கையப் பிடிச்சேன்லா. அதுல ஆடுனது எந்தக் கைன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது பாத்துக்கிடுங்க" என்றார்.

மங்கை தேவையில்லாத இடத்தில் ஹாரன் அடித்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

கராஜில் துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பல் குத்தும் குச்சியால் குழலிலிருந்து சந்தனத்தைச் சுரண்டும்போது மங்கை வந்தாள். பின்னாலேயே மாமனார். மங்கை மிச்சமிருந்த ஒரு தோட்டாவை எடுத்தாள். பொட்டைப் பார்த்தாள். பொட்டின் வாலைப் பார்த்தாள்.

"இதுல இம்புட்டுச் சந்தனத்த அப்புனது யாரு?"

மாமனார் வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றேன். "மாமா மூடிக்குத்தான் வச்சாரு. நான்தான் ஆர்வத்துல ஒவ்வொண்ணுக்கும் வச்சேன். எனக்குக் கைநேர்த்தி பத்தாது."

மங்கை என்னைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். "நீங்களா?" என்றாள் என்னிடம்.

"நான்தான்."

"சரி" என்று தோட்டாவைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாள். வாசலருகே போய்த் திரும்பி, "வியாழக்கிழம சாயந்தரம் ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் சுரண்டி முடிக்கும்வரை இருந்தார். ஈயப் பணியாரத்தில் ஒன்றை எடுக்கப் போனவர் எடுக்காமல் விட்டார். நான் என் காலை நகர்த்திக்கொண்டதை அவர் பார்த்திருக்கக்கூடும்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் மாமனார் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவரோடு வேலை பார்த்த ஏட்டு சங்கரபாண்டி. போன் ஒலிபெருக்கியில் இருந்தது. சங்கரபாண்டியின் சிரிப்பு சமையலறை வரை கேட்டது.

"என்னவே, கை தந்தி அடிச்ச மாப்ளை எப்படி இருக்காரு?"

நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன்.

"கேளும்வே. நேத்து முந்தின நாள் இங்கன ஒரு போட்டி. வெள்ளக்காரப் பயலுவ பூராம் நின்னு பாக்கான். துப்பாக்கி சிக்குது, தட்டுதாரு. சிக்குது, தட்டுதாரு. ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. ஒருத்தன் தொப்பியக் கழத்திட்டு நின்னாம்வே, கடேசி வரைக்கும்!"

"அப்ப ஜெயிச்சுட்டாரா?"

"எல்லாத் தட்டும் விழுந்துட்டு" என்றார் மாமனார். ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர்.

"அன்னைக்குக் கல்யாணத்துல மட்டும்—"

"அட, லேசா ஆடுனாத்தான் என்னவே? ஆடாம இருக்கதுக்கு அது என்ன பொம்மக் கையா? வையும் போன."

இன்றுமுதல் நம் வீட்டில் யாருக்கும் முழு டம்ளர் காபி கிடையாது. எனக்கு, மங்கைக்கு, மாமனாருக்கு, மூவருக்கும் பெரிய டம்ளரில் பாதிதான். வேண்டுமானால் இரண்டாவது முறை ஊற்றிக்கொள்ளலாம். காபியைக் குறைக்கச் சொல்லி என் அலுவலக ஆய்வறிக்கை ஒன்று கூறுகிறது என்று சொல்லியிருக்கிறேன். மங்கை எந்த ஆய்வறிக்கை என்று கேட்கவில்லை. மாமனார் டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்ட்ரா கேட்கவில்லை.

"மாப்ளை, நம்ம வீட்டுல காபிக்கு இம்புட்டுப் பஞ்சமா?" என்றார். சிந்தாமல் குடித்தார்.